பட்டாசு வெடிக்காத ஊரில் பறவைக்குப் படம் பிடிக்கலாம்!

மார்கழி பிறந்துவிட்டால் விருதுநகர் சீமைக்கும் கொஞ்சம் குளிர் வரும்.

ஊட்டிக் குளிர் அல்ல. கம்பளிக் கோட்டுக்கு வேலை இல்லை. காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும். விடியற்காலையில் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால், தண்ணீருக்கு மேலே வெள்ளைப் புகை போலப் பனி மிதக்கும். அந்தப் பனிக்குள்ளே "கொக், கொக்" என்று ஒரு சத்தம். "சர்" என்று ஓர் இறக்கைச் சத்தம். யார் அது?

அவர்கள்தான் பனிக்கால விருந்தாளிகள். பறவைகள்!

அந்த விருந்தாளிகளைப் படம் பிடிக்க இப்போது பலர் காமிராவும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர், கல்லூரி மாணவர், வீட்டுத் தாய்மார் என்று எல்லோரும் இருக்கிறார்கள். கையில் செல்போன் உள்ள சின்னப் பையன்கூடக் கொக்கைப் படம் எடுக்கப் பார்க்கிறான்.

படம் எடுப்பது நல்லதுதான். எப்படி எடுப்பது? எங்கே எடுப்பது? பறவைக்குத் தொந்தரவு இல்லாமல் எடுப்பது எப்படி? சொல்கிறோம், கேளுங்கள்.

வானம் பார்த்த பூமி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் வானம் பார்த்த பூமி. மழை குறைவு. வெயில் அதிகம். காற்றில் ஈரம் இல்லை.

அந்த வறட்சிதான் இந்தச் சீமைக்குத் தொழிலைக் கொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது. பின்னால் பட்டாசு வந்தது. அச்சகங்கள் வந்தன. மருந்து காய வெயில் வேண்டும். ஈரம் கூடாது. வறட்சியே முதல் ஆனது!

அதே வறட்சியால்தான் இங்கே கண்மாய்க்கு மதிப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் மீன், நத்தை, தவளை, பூச்சி எல்லாம் பெருகும். சாப்பாடு பெருகினால் பறவை வரும். மழை ஏமாற்றினால் பறவையும் ஏமாற்றிவிடும். விவசாயிக்கும் நாரைக்கும் ஒரே பஞ்சாங்கம்தான்!

யார் யார் வருகிறார்கள்?

நம் நாட்டுப் பறவைகளே தண்ணீரைத் தேடி ஊர் ஊராகப் போகும். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் இந்த வகை.

நத்தைக்குத்தி நாரையின் அலகைக் கவனித்துப் பாருங்கள். வாயை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அது ஊனம் அல்ல. நத்தையைத் தின்பதற்கு வாய்த்த அலகு! கரண்டிவாயன் பெயருக்கு ஏற்றபடி கரண்டி போன்ற அலகைத் தண்ணீரில் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும்.

வெளிநாட்டு விருந்தாளிகளும் உண்டு. வடக்கே பனிக்கட்டி உறையும் நாடுகளில் குளிர்காலத்தில் சாப்பாடு கிடைக்காது. ஆகவே அவை தெற்கே வருகின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, வாலாட்டி, பூனைப்பருந்து ஆகியவை இப்படி வருகிறவை.

சூறைக்குருவி என்று ஒன்று இருக்கிறது. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. மத்திய ஆசியாப் பக்கத்திலிருந்து வருகிறது. சாயங்காலம் அடையப் போகும் நேரத்தில் ஆயிரக் கணக்கில் கூடி, வானத்தில் சேலையை உதறியதுபோல வளைந்து வளைந்து பறக்கும். பார்க்கக் கண் கோடி வேண்டும்!

எல்லாவற்றையும் விடப் பெரிய யாத்திரைக்காரர் வரித்தலை வாத்து. திபெத், மங்கோலியா பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. மலை ஏறுகிற மனிதனுக்கு மூச்சு முட்டும் உயரத்தில் இது இறக்கை அடித்துப் பறக்கிறது. அப்படிப் பறந்து வந்து திருநெல்வேலிச் சீமைக் குளத்தில் இறங்குகிறது என்றால் அதிசயம்தானே!

வெடிச் சத்தம் இல்லாத தீபாவளி

இந்தியா முழுவதும் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசிப் பகுதியிலிருந்து போகிறது. அந்தச் சிவகாசிக்குப் பக்கத்து மாவட்டங்களிலேயே தீபாவளி அன்று ஒரு வெடிகூட வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. தெரியுமா?

ஒன்று கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கேதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்தது அது. 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் 38 ஹெக்டேர்தான். சிறியது. ஆனால் புகழ் பெரியது!

அந்த ஊர் மக்கள் பல பத்து ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் அடைந்திருக்கும் பறவைகள் பயந்துவிடும் என்பதே காரணம். கல்யாணம், திருவிழா என்றாலும் வெடி கிடையாது. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துப் பாராட்டியதும் உண்டு.

இன்னொன்று கூந்தன்குளம். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டாரம். 1994இல் சரணாலயம் ஆயிற்று. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இங்கே பறவைகள் குளத்தில் மட்டும் அல்ல, ஊருக்குள்ளே வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுகிறதே என்று யாரும் விரட்டுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சியாக வந்த மகளைப் போலப் பறவையை நடத்துகிறார்கள். அங்கேயும் வெடி கிடையாது.

வெடித்தால் என்ன ஆகும்?

"ஒரு வெடிக்கா இவ்வளவு பயம்?" என்று சிலர் கேட்கலாம்.

ஒரே மரத்தில் ஐம்பது கூடு இருக்கும். திடீரென்று வெடிச் சத்தம் கேட்டால் தாய்ப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறக்கும். அந்த நிமிஷத்துக்காகவே காக்கை காத்திருக்கிறது. முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தாய் பதறி எழும்பும்போது கால் பட்டுக் குஞ்சு கீழே விழுவதும் உண்டு. விழுந்தது விழுந்ததுதான். தூக்கிவிட நாரைக்குக் கை இல்லை.

இருட்டில் பறப்பது இன்னும் ஆபத்து. பகலில் பார்த்துப் பறக்கும் பறவைக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது.

2010ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பீபி என்ற சிறிய ஊர். புது வருஷத்தை வாணம் விட்டுக் கொண்டாடினார்கள். தூங்கிக்கொண்டிருந்த கரும்பறவைக் கூட்டம் பதறி எழுந்தது. இருட்டில் வீட்டிலும் மரத்திலும் மோதிச் சுமார் 5,000 பறவைகள் செத்து விழுந்தன. மறுநாள் காலையில் தெருவெல்லாம் பறவைப் பிணம்!

நெதர்லாந்து நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மழையைக் காட்டும் ராடார் கருவியில் பறவைக் கூட்டமும் தெரியும். புது வருஷ நள்ளிரவில் அந்த ராடாரைப் பார்த்தார்கள். வாண வேடிக்கை ஆரம்பித்த சில நிமிஷங்களில் ஆயிரம் ஆயிரமாய்ப் பறவைகள் எழுந்தன. சாதாரணமாக அந்த நேரத்தில் தூங்கும் பறவைகள், 500 மீட்டர் உயரம் வரை போய்ச் சுற்றின. மூன்று வருஷம் பார்த்தும் இதே கதை. 2011இல் இந்த முடிவு வெளியாயிற்று. கொட்டும் குளிரில், தூக்கத்தையும் விட்டு, வயிற்றில் சேர்த்து வைத்த சக்தியையும் வீணாக்கிப் பறக்கின்றன, பாவம்!

கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் ராடார் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

பட்டாசும் காமிராவும் சொந்தக்காரர்கள்!

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பட்டாசுக்கும் போட்டோவுக்கும் பழைய உறவு உண்டு.

அந்தக் காலத்தில் இருட்டில் படம் எடுக்க இன்றுள்ள 'பிளாஷ்' விளக்கு கிடையாது. ஒரு தட்டில் மருந்துப் பொடியைக் கொட்டிக் கொளுத்துவார்கள். "படார்!" பளிச்சென்று வெளிச்சம், பிறகு புகை. அந்தப் பொடி ஜெர்மனியில் 1887இல் வந்தது. மக்னீசியம் தூளும் பொட்டாசியம் குளோரேட் உப்பும் சேர்ந்த கலவை அது. அதே குளோரேட் உப்புதான் தீக்குச்சித் தலையிலும் இருக்கிறது. சிவகாசிக்காரருக்கு இது தெரிந்த சரக்குதான்! போட்டோக்காரர்கள் பலர் இந்தப் பொடி வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1930ஆம் ஆண்டு வாக்கில் பிளாஷ் பல்பு வந்த பிறகே இந்த ஆபத்து குறைந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்று ஒருவர் இருந்தார். இரவில் படகில் விளக்கை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் மெதுவாகப் போவார். தண்ணீர் குடிக்க வந்த மான் விளக்கைப் பார்த்து அசையாமல் நிற்கும். உடனே மருந்தைக் கொளுத்திப் படம் எடுத்துவிடுவார். 1906இல் அவருடைய 74 படங்களை 'நேஷனல் ஜியாகரபிக்' பத்திரிகை வெளியிட்டது. உலகமே வியந்தது.

நம் நாட்டில் இதைச் செய்தவர் எப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்தவர். புலி நடக்கும் பாதையில் கம்பியைக் கட்டி வைப்பார். புலி காலால் மிதிக்கும். மருந்து பளிச்சென்று எரியும். காமிரா தானே படம் எடுத்துவிடும். புலியே தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது! 1927இல் இந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். புலி வேட்டைக்குப் பேர்போன ஜிம் கார்பெட்கூட இவரைப் பார்த்துத்தான் துப்பாக்கியை ஒதுக்கிக் காமிராவை எடுத்தார் என்று சொல்வார்கள்.

இன்று அந்தப் படாரும் இல்லை, புகையும் இல்லை. மரத்தில் ஒரு சிறு பெட்டியைக் கட்டிவைக்கிறார்கள். மிருகத்தின் உடம்புச் சூட்டை உணர்ந்து பெட்டி தானே படம் எடுக்கிறது. 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் இப்படிக் காமிரா வைத்தார்கள். கின்னஸ் புத்தகத்திலும் அது ஏறியது. ஒரு புலியின் கோடு போல இன்னொரு புலிக்கு இருக்காது. நம் கைரேகை மாதிரிதான். படத்தைப் பார்த்தே எது எந்தப் புலி என்று சொல்லிவிடுகிறார்கள்.

செண்பகத்தோப்பின் சாம்பல் அணில்

பறவை மட்டுமா? விருதுநகர் மாவட்டத்தில் மிருகமும் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் கோபுரம் நினைவுக்கு வரும். ஆண்டாள் மார்கழி விடியலைப் பாடிய ஊர். திருப்பாவையில் பறவைகளின் காலைக் குரலும் கேட்கிறது. அந்த ஊரிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டருக்குள் மலையடிவாரம். செண்பகத்தோப்பு என்று பெயர்.

அங்கே சாம்பல் நிற அணில் வாழ்கிறது. ராமர் கோடு போட்ட வீட்டு அணில் அல்ல. பூனை அளவு நீளம். முதுகு சாம்பல் நிறம், நரை விழுந்ததுபோல வெள்ளை கலந்திருக்கும். வால் பஞ்சுபோல் நீண்டிருக்கும். இந்தியாவில் தெற்கே சில காடுகளில் மட்டும் உண்டு. இலங்கையிலும் உண்டு. இதைக் காப்பாற்றவே 1988இல் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தபோது இந்தக் காடும் அதில் சேர்ந்தது. இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம் அது.

சாம்பல் அணிலைப் படம் எடுப்பது சுலபம் அல்ல. தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே போகும். ஆகவே மரக்கிளைகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டிவிட்டால் அதற்குப் பாலம் அறுந்த மாதிரி. மாங்காயும் புளியம்பழமும் தின்னும். ஆகவே அடிவாரத் தோப்புகளுக்கும் வரும்.

எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே தேடாதீர்கள். முதலில் கீழே தேடுங்கள்! மரத்தடியில் கடித்துப் போட்ட புளியங்கொட்டையும் ஓடும் கிடந்தால், மேலே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். சத்தம் போடாமல் உட்காருங்கள். காலை வெயில் கிளையில் விழும்போது குளிர் காய வெளியே வரும்.

பொய் மாட்டின் வயிற்றுக்குள்!

பறவையை நெருங்குவதற்கு மனிதர்கள் என்ன பாடெல்லாம் பட்டிருக்கிறார்கள்!

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருந்தார்கள். 1892இல் ஒரு பறவைக் கூட்டை முட்டையோடு படம் எடுத்துப் பெயர் வாங்கினார்கள். மனிதனைக் கண்டால் பறவை பறக்கிறது, மாட்டைக் கண்டால் பறப்பதில்லை என்று கவனித்தார்கள். உடனே ஒரு மாட்டுத் தோலை வாங்கி, உள்ளே சட்டம் வைத்து, பொய் மாடு செய்தார்கள். அதன் வயிற்றுக்குள் புகுந்து நின்றுகொண்டு படம் எடுத்தார்கள்! பொய் ஆடு, பொய் மரம்கூடச் செய்தார்கள்.

நமக்குப் பொய் மாடு வேண்டாம். ஆனால் அவர்கள் கண்டது உண்மை. கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிறவர் பக்கத்தில் நடந்தாலும் கொக்கு பறப்பதில்லை. மாட்டு முதுகிலேயே உண்ணிக்கொக்கு ஏறி உட்காருகிறது. ஏன்? அவர்கள் தினமும் வருகிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள். பறவையை உற்றுப் பார்ப்பதில்லை. நாமோ நேராக அதை நோக்கி விறுவிறுவென்று போகிறோம். பூனை வருவது மாதிரி இருக்கிறது அதற்கு!

ஆகவே குறுக்காக நடந்து போங்கள். நாலு அடி நடங்கள், நில்லுங்கள். பறவை தலையை உயர்த்திப் பார்த்தால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். அது மறுபடி மேய ஆரம்பித்த பிறகே அடுத்த அடி. வெள்ளைச் சட்டை வேண்டாம். காய்ந்த புல் நிறமும் மண் நிறமும் நல்லவை. காரில் போனால் காருக்குள்ளிருந்தே எடுக்கலாம். பறவை காருக்கு அவ்வளவாகப் பயப்படாது, கதவைத் திறந்தால்தான் பயப்படும்.

நம் ஊர்க் கிருஷ்ணன்

இந்தக் கலையில் தமிழருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன்.

1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை, 46 வருஷம், இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பெருமாள்முருகன் தொகுத்துப் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

அவரிடம் விலை உயர்ந்த காமிரா இருந்ததா? இல்லை! பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு காமிரா செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கும்கி யானை மீது ஏறிப் போய்க் காட்டு யானையைப் படம் எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

பணம் இல்லையே, பெரிய லென்சு இல்லையே என்று கவலைப்படுகிற இளைஞர்கள் கிருஷ்ணனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

காமிராவுக்கு ஜலதோஷம்!

இனி வேலைக்கு வருவோம். பனிக்காலத்தில் காமிராவுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்!

குளிர்சாதன அறையிலோ காரிலோ இருந்த காமிராவைத் திடீரென்று வெளியே எடுத்தால், லென்சு மேல் ஆவி படிந்துவிடும். ஐஸ் தண்ணீர்த் தம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத்தான். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். என்ன செய்வது? வெளியே வந்ததும் அரை மணி நேரம் காமிராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். பிறகு எடுங்கள்.

பனிக்கட்டி கொட்டும் நாடுகளில் இதற்கு நேர் எதிர். அங்கே வெளியே குளிர், வீட்டுக்குள்ளே சூடு. ஆகவே வீட்டுக்குள் நுழையும் முன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கடுங்குளிரில் பாட்டரியும் சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் இன்னொரு பாட்டரியைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். கொடைக்கானல், ஊட்டிக்குத் தை மாதம் போகிறவர்களுக்கும் இந்த யோசனை உதவும்.

அடுத்தது வெளிச்சம். மார்கழியில் நம் பக்கம் ஆறரை மணி வாக்கில் சூரியன் உதிக்கும். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் தங்கமான நேரம். வெயில் சாய்வாக, மஞ்சளாக விழும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் கண்ணைக் கூச வைக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம்.

பறக்கும் பறவையை எடுக்க, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். நிற்கும் நாரைக்கு அது தேவை இல்லை. எதை எடுத்தாலும் கண் தெளிவாக விழ வேண்டும். கண் மங்கினால் படமே மங்கினது போல்தான். உட்கார்ந்தோ படுத்தோ பறவையின் கண் மட்டத்திலிருந்து எடுங்கள்.

வெள்ளைக் கொக்கு ஒரு சங்கடம். கரும் தண்ணீரில் அது நிற்கும்போது காமிரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து, வெளிச்சத்தை அதிகம் விட்டுவிடும். கொக்கு சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்துவிடும். இறகே தெரியாது. ஆகவே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பனிக்கட்டி நாட்டில் எங்கும் வெள்ளை. அங்கே காமிரா படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே அங்கே கூட்டி வைக்க வேண்டும்.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். ஒரு பைனாகுலரின் கண் வைக்கும் துளையில் செல்போன் லென்சை ஒட்டிப் பிடியுங்கள். கை ஆடாமல் இருந்தால் படம் விழும்.

ஒற்றைக் காலில் ஏன் நிற்கிறது?

குளிர் காலையில் நாரையும் கொக்கும் ஒற்றைக் காலில் நிற்கும். பிள்ளைகள் கேட்பார்கள், "அப்பா, அதுக்குக் கால் வலிக்காதா?"

வலிக்காது. காலில் இறகு இல்லை. அதன் வழியே உடம்புச் சூடு போய்விடும். ஒரு காலை இறகுக்குள் மடக்கினால் பாதிச் சூடு மிச்சம். அலகையும் முதுகு இறகில் செருகிக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல இருக்கும். இறகுக்கு நடுவே தங்கும் காற்றுதான் அதன் போர்வை.

இன்னும் ஒரு ஏற்பாடு. காலுக்குப் போகும் சூடான ரத்தமும், காலிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் ஓடுகின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் குளிர் நாட்டு வாத்து பனிக்கட்டி மேலேயே நிற்க முடிகிறது.

லண்டன் நகரின் நடுவில் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா இருக்கிறது. 1664இல் ரஷ்யத் தூதர் ராஜாவுக்குப் பரிசாகக் கூழைக்கடாக்களைக் கொடுத்தார். இன்றும் அந்தப் பூங்காவில் கூழைக்கடாக்கள் உண்டு. பனி பெய்யும் காலையில் அவற்றைப் படம் எடுக்கக் கூட்டம் கூடும். நம் கூந்தன்குளத்துக் கூழைக்கடா அவற்றுக்குப் பங்காளி முறை! அவை பூங்காவில் ஆள் போடும் மீனைத் தின்கின்றன. நம்முடையவை தாமே சம்பாதித்துச் சாப்பிடுகின்றன.

எது கூடாது?

சரணாலயக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, படம் எடுக்கப் போவதற்கும் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். கேட்டால் வழி சொல்வார்கள்.

கூட்டருகே போகக் கூடாது. கூட்டை மறைக்கும் இலையை விலக்கவே கூடாது. இலையை விலக்கினால் உங்களுக்குப் படம், காக்கைக்கு முட்டை!

செல்போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைக்கக் கூடாது. பறக்க வைத்துப் படம் எடுக்கக் கல் எறியக் கூடாது. கை தட்டுவதும் கல் எறிவதும் ஒன்றுதான். குரங்குக்கும் அணிலுக்கும் மிக்சர், பிஸ்கட் கொடுக்கக் கூடாது.

பறவை எழுந்து பறந்துவிட்டால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். கண்மாய்க் கரையில் வெடி போட்டவனுக்கும், ஒரு படத்துக்காக மரத்துப் பறவை முழுவதையும் கிளப்பியவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிவகாசியின் வயிறு

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு பட்டாசுத் தொழிலாளி கேட்கலாம்: "பறவை, பறவை என்கிறீர்களே, எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. வானம் பொய்த்த பூமியில் லட்சக் கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். உயிரைப் பணயம் வைத்து மருந்தில் கை வைக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு அணைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள்கூட ஊரெல்லாம் பட்டாசை நிறுத்து என்று கேட்கவில்லை. தங்கள் கண்மாயில் வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

2018இல் சுப்ரீம் கோர்ட்டு, புகை குறைந்த பட்டாசுதான் வேண்டும், தீபாவளி அன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். நேரத்துக்கு எல்லை வைத்தது போல, இடத்துக்கும் நாமே ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் வெடிக்கலாம். பறவை அடையும் கண்மாய்ப் பக்கம் வேண்டாம். அங்கே குழந்தைகள் கையில் மத்தாப்பூ போதும். வெளிச்சம் உண்டு, சத்தம் இல்லை. மத்தாப்பூவும் சிவகாசிச் சரக்குதானே! தொழிலாளிக்கும் கூலி, நாரைக்கும் தூக்கம்.

சிவகாசி அச்சகங்களில் காலண்டர் அச்சாகிறது. மயிலும் மானும் கொக்கும் அதில் வருகின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் அவை தொங்குகின்றன. படத்தில் உள்ள பறவை கண்மாயிலும் இருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். பிள்ளைகளையும் எழுப்புங்கள். தூரம் போக வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை: ஒரு துண்டு, பிளாஸ்கில் சுக்குக் காப்பி, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், காமிராவோ செல்போனோ எது இருக்கிறதோ அது. உட்காரச் சாக்கு ஒன்று. புல்லெல்லாம் பனியில் நனைந்திருக்கும்.

முதல் அரை மணி படம் எடுக்காதீர்கள். சும்மா உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பறவை எங்கே இறங்குகிறது, எந்தக் கொம்பில் உட்காருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மீன்கொத்தி ஒரே கொம்புக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கொம்பைக் குறி வைத்துக் காமிராவோடு காத்திருந்தால் போதும், அதுவே வந்து உட்காரும்.

நோட்டில் தேதியும் போடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் மார்கழியில் அதே கண்மாய்க்குப் போய், யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.